கெடு சட்டமன்றத்துக்கு மட்டும்தானா?

2020 ஜூலை 25 ஆம் தேதி புதுச்சேரி சட்டமன்றம் கட்டடத்துக்கு வெளியே, ஒரு வேப்பமரத்தடியில் கூடியது. உறுப்பினர் ஒருவருக்குக் கொரோனா தொற்று உறுதியாகிவிட்டதால் அவைக்குள் உட்கார முடியவில்லை. தள்ளிப்போடவும் முடியவில்லை. அரசு கஜானாவிலிருந்து பணம் எடுத்துச் செலவு செய்யச் சட்டமன்றம் கொடுத்திருந்த மூன்று மாத அனுமதி ஜூன் 30 உடன் முடிந்துபோயிருந்தது. ஜூலை மாதத்தில் மூன்று வாரங்களுக்கு மேல் கடந்துவிட்ட நிலையில், மரத்தடியில் நாற்காலி போட்டு பட்ஜெட்டை நிறைவேற்றினார்கள்.

அந்தப் படம் நாடு முழுவதும் செய்தியானது. அதற்கு ஐந்து நாள் முன்பு, ஜூலை 20 அன்று, துணைநிலை ஆளுநர் கிரண் பேடி உரையாற்ற வரவில்லை என்பதும் அவர் இல்லாமலேயே முதல்வர் நாராயணசாமி 9,000 கோடி ரூபாய் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார் என்பதும் செய்தியானது. மானியக் கோரிக்கை விவரங்கள் தனக்கு முறைப்படி அனுப்பப்படவில்லை என்றார் ஆளுநர். மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பிறகு வேறென்ன வேண்டும் என்றது அரசு. யார் சரி, யார் தவறு என்று தேநீர்க் கடைகளில் கூடப் பேசினோம். பட்ஜெட் தாமதமானால் முதலில் யாருடைய பணம் நிற்கும் என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலோர் கேட்கவில்லை. சேரிகளிலும் காலனிகளிலும் வாழும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

2020 ஐ கொரோனா ஆண்டு, விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 22 அன்று நாராயணசாமி அரசு பெரும்பான்மையை இழந்து விலகியது. குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. புதுச்சேரியின் முதல் சில மாதச் செலவுக்கான அனுமதியை டெல்லியில் நாடாளுமன்றம் கொடுத்தது. தேர்தல் முடிந்து ரங்கசாமி அரசு அமைந்து, முழு பட்ஜெட் தாக்கலானது ஆகஸ்ட் 26 அன்று. அதன் அளவு 9,924 கோடி.

2022 இல் தேர்தலும் இல்லை, ஆட்சிக் கவிழ்ப்பும் இல்லை. அப்போதும் மார்ச் இறுதியில் ஐந்து மாதச் செலவுக்குத்தான் அனுமதி பெற்றார்கள். ஆகஸ்ட் 10 அன்று ஆளுநர் உரையோடு கூட்டம் தொடங்கியது. மத்திய அரசின் ஒப்புதல் வந்து சேராததால் பட்ஜெட் இல்லாமலேயே அவை ஒத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 22 அன்று 10,696 கோடி ரூபாய் பட்ஜெட் தாக்கலானபோது, கெடு முடிய எஞ்சியிருந்தவை ஒன்பதே நாட்கள். துறைவாரியாக விவாதம், கேள்வி, பதில், வாக்கெடுப்பு எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும்.

2023 மார்ச் 13 அன்று, பல ஆண்டுகளுக்குப் பிறகு, நிதியாண்டு தொடங்கும் முன்பே முழு பட்ஜெட் வந்தது. 2024 இல் நாடாளுமன்றத் தேர்தலைக் காரணம் காட்டி மறுபடியும் ஐந்து மாத அனுமதி. முழு பட்ஜெட் ஆகஸ்ட் 2 அன்று. 2025 இல் மீண்டும் மார்ச் 12 அன்றே தாக்கல் செய்துவிட்டார்கள். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு 2023 உம் 2025 உம் சாட்சி. மனம் வைக்காவிட்டால் அல்லது டெல்லி கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மற்ற ஆண்டுகள் சாட்சி.

மாணவர்களுக்காக இந்த நடைமுறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அரசின் வருமானம் எல்லாம் தொகுப்பு நிதி என்ற ஒரே பெட்டியில் சேர்கிறது. அந்தப் பெட்டியைத் திறக்கும் சாவி சட்டமன்றத்திடம் இருக்கிறது. ஒவ்வொரு துறைக்கும் எவ்வளவு என்று மானியக் கோரிக்கைகளை விவாதித்து, வாக்களித்து, கடைசியில் நிதி ஒதுக்க மசோதாவை நிறைவேற்றினால்தான் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை அரசு பணம் எடுக்கலாம். மார்ச் 31 க்குள் இந்த வேலை முடியாது என்றால், சில மாதச் செலவுக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி பெறலாம். அதற்கு முன்பண மானியக் கோரிக்கை என்று பெயர். இடைக்கால பட்ஜெட் என்று நாம் பேச்சில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நடந்துகொண்டிருக்கும் செலவுகள் நின்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. புதிய திட்டங்களை இதை வைத்துத் தொடங்க முடியாது.

புதுச்சேரிக்குக் கூடுதலாக ஒரு முடிச்சு உண்டு. மாநிலங்களில் அமைச்சரவை முடிவு செய்து பட்ஜெட்டைச் சட்டமன்றத்தில் வைக்கலாம். 1963 ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதி அரசுகள் சட்டப்படி, புதுச்சேரியில் பட்ஜெட்டை அவையில் வைக்கும் முன் குடியரசுத் தலைவரின் ஒப்புதல், அதாவது மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். கோப்பு ஆளுநர் மாளிகை வழியாக டெல்லி போய்த் திரும்ப வேண்டும். நாம் தேர்ந்தெடுத்த 30 பேர் விவாதிக்கத் தயாராக இருந்தாலும், கோப்பு வராதவரை விவாதிக்க எதுவும் இல்லை. 2022 ஆகஸ்டில் நடந்தது அதுதான்.

இனி நம் கேள்விக்கு வருவோம். கையில் சில மாதப் பணம் மட்டும் இருக்கும்போது அரசு எதை முதலில் கொடுக்கும்? வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியாக வேண்டும். ஊழியர் சம்பளம், ஓய்வூதியம் கொடுத்தாக வேண்டும். மின்சாரம் வாங்கிய பணம் கட்ட வேண்டும். இவற்றைத் தள்ளிப்போட எந்த அரசாலும் முடியாது. தள்ளிப்போட வேண்டும் என்று நாமும் சொல்லவில்லை. துப்புரவுப் பணியாளர் சம்பளமும் அதில்தான் அடங்கியிருக்கிறது. இவையெல்லாம் போக மிஞ்சுவதில்தான் திட்டச் செலவு. கல்வி உதவித்தொகை, விடுதிச் செலவு, வீடு கட்டும் மானியம், மனைப்பட்டாவுக்கு நிலம் வாங்குதல், பாட்கோ மூலம் தரப்படும் கடன் எல்லாம் அந்த வரிசையின் கடைசியில் நிற்பவை. சம்பளம் ஒரு மாதம் தாமதமானால் சங்கம் தெருவுக்கு வரும். உதவித்தொகை ஆறு மாதம் தாமதமானால் ஒரு மாணவி தனியாக அலுவலக வாசலில் நின்றுவிட்டுத் திரும்புவாள். இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாடு எல்லா அரசுகளுக்கும் தெரியும்.

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி மக்கள்தொகையில் பட்டியலினத்தவர் 15.73 சதவீதம்; எண்ணிக்கையில் 1,96,325 பேர். இவர்களில் பெரும்பகுதியினர் சொந்த நிலம் இல்லாதவர்கள் என்பது நம் கொம்யூன்களைச் சுற்றி வந்தால் தெரியும். நிலம் உள்ளவருக்கு அரசுப் பணம் தாமதமானால் அடகு வைக்க ஏதாவது இருக்கும். இல்லாதவருக்குத் தண்டல்காரர் மட்டுமே இருக்கிறார்.

நெட்டப்பாக்கம் பக்கம் ஒரு விவசாயக் கூலியின் மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி திறப்பது ஜூலை அல்லது ஆகஸ்ட். சேர்க்கைக் கட்டணத்துக்கும் கெடு உண்டு. அதை எந்த மானியக் கோரிக்கையும் தள்ளிவைக்காது. அந்த நேரத்தில் பட்ஜெட் டெல்லியில் இருக்கிறது. அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார். உதவித்தொகை அடுத்த பிப்ரவரியில் வந்தாலும் முழுத் தொகை வந்ததாகத்தான் அரசுக் கணக்கு சொல்லும். இடையில் அந்த வீடு கட்டிய வட்டி எந்தக் கணக்கிலும் வராது. பட்ஜெட் தாமதத்துக்கான விலையை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அவர் அரசுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர், தான் வட்டி கட்டிக்கொண்டு.

வீட்டுத் திட்டத்தையும் பாருங்கள். மானியம் ஒரே தவணையில் வருவதில்லை. பேஸ்மட்டம் போட்டால் ஒரு தவணை, லிண்டல் வரை எழுப்பினால் ஒரு தவணை, தளம் போட்டால் இன்னொன்று. முழு பட்ஜெட் ஆகஸ்ட் கடைசியில் நிறைவேறினால், துறைக்கு ஆணை வந்து, பயனாளிப் பட்டியல் முடிவாகி, முதல் தவணை கைக்கு வர ஐப்பசி ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பகுதியில் அடை மழை. கடலூருக்கும் காரைக்காலுக்கும் புயல் வரும் காலம். பழைய கூரையைப் பிரித்துவிட்டு அஸ்திவாரத்தில் தண்ணீர் தேங்கி நிற்க, தார்ப்பாய்க்குள் குடும்பம் உட்கார்ந்திருக்கும். தை பிறந்து வேலை தொடங்கினால் மார்ச் 31 கண்ணுக்கு முன்னால் நிற்கும். பன்னிரண்டு மாத பட்ஜெட் என்று பெயர். காலனிக்கு அது இரண்டரை மாத பட்ஜெட்.

மார்ச் 31 க்குள் செலவாகாத பணம் காலாவதியாகும். அதற்கு முன்பே, திருத்திய மதிப்பீடு தயாராகும்போது, எந்தத் துறையில் பணம் தேங்கியிருக்கிறது என்று பார்த்து வெட்டுவார்கள். துறையே பணத்தைச் சரண்டர் செய்வதும் உண்டு. அப்போது கோப்பில் எழுதப்படும் காரணங்களைக் கவனித்துப் படிக்க வேண்டும்: பயனாளிகள் வரவில்லை, ஆவணங்கள் சரியில்லை, இடம் கிடைக்கவில்லை. தாமதமாகக் கொடுத்தவர்கள் தாமதத்தைக் காரணமாக எழுத மாட்டார்கள். பணம் இருந்தது, இவர்களுக்குத்தான் வாங்கத் தெரியவில்லை என்ற பழி கடைசியில் நம் மீதே விழும். ஆதிதிராவிடர் நிதி திருப்பி அனுப்பப்பட்டது என்ற செய்தியை எந்த மாநிலத்தில் படித்தாலும், அந்த ஆண்டு ஆணை வெளியான தேதியையும் சேர்த்துத் தேடிப் படியுங்கள்.

இந்த நிதி யாருடைய தயவிலும் வந்ததில்லை. 1979-80 இல் மத்திய அரசு சிறப்புக்கூறு திட்டத்தைக் கொண்டுவந்தது. பட்டியலினத்தவரின் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாமல் திட்ட நிதியில் பங்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இந்தப் பணத்தை வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது, ஆண்டு முடிந்தால் காலாவதியாகவும் கூடாது என்று பின்னாளில் திட்டக்குழு வழிகாட்டுதலில் சேர்க்கப்பட்டது. ஆனால் வழிகாட்டுதல் வேறு, சட்டம் வேறு. வழிகாட்டுதலை மீறினால் கடிதம் வரும். சட்டத்தை மீறினால் நீதிமன்றம் கேட்கும்.

அதனால்தான் சில மாநிலங்களில் தலித் இயக்கங்கள் பல ஆண்டுகள் போராடிச் சட்டமே பெற்றன. ஒன்றுபட்ட ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் 2013 இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தெலங்கானா 2017 இல் தனிச் சட்டம் இயற்றியது. ஓர் ஆண்டில் செலவாகாத பட்டியலின, பழங்குடி நிதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல அது வழி செய்தது. தமிழ்நாடு 2024 ஜூனில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. கர்நாடகச் சட்டத்தின் 7டி பிரிவு, பொதுவான சாலைக்கும் பாலத்துக்கும் செய்த செலவைப் பட்டியலினச் செலவாகக் காட்ட இடம் கொடுத்தது. அதை நீக்க 2023 வரை போராட வேண்டியிருந்தது. ஆனாலும் அங்கே போராட ஒரு பிரிவு எண் இருந்தது. சட்டம் இல்லாத இடத்தில் எதைப் பிடித்து வாதாடுவது?

பட்ஜெட் தாமதத்துக்கு இங்கே இரண்டு பதில்கள் வழக்கமாக வரும். ஒன்று, முன்பண மானியம் இருக்கும்போது பழைய திட்டங்கள் நிற்காது என்பது. தாளில் அது சரி. ஐந்து மாதப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி, பன்னிரண்டு மாதம் பணம் கொடுக்க வேண்டிய புதிய பயனாளியைச் சேர்ப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே பட்டியலில் இருப்பவருக்குப் பணம் போகலாம். இந்த ஆண்டு புதிதாகக் கல்லூரி சேர்ந்தவர், இந்த ஆண்டு புயலில் கூரை இழந்தவர், இந்த ஆண்டு கணவரை இழந்தவர் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது பதில், மாநில அந்தஸ்து கிடைத்தால் தீரும் என்பது. புதுச்சேரிக்கு மாநில அந்தஸ்து வேண்டும் என்று சட்டமன்றம் பலமுறை தீர்மானம் போட்டிருக்கிறது. அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அவை, தன் பட்ஜெட்டைத் தானே வைக்க முடியாமல் கோப்புக்குக் காத்திருப்பது ஜனநாயகத்துக்குப் பொருந்தாது. ஆனால் மாநில அந்தஸ்து வந்தால் டெல்லி வாசலில் நிற்கும் வரிசைதான் குறையும். சொந்தத் தலைமைச் செயலகத்துக்குள் நாம் நிற்கும் கடைசி இடம் தானாக மாறாது. அதற்குத் தனியாகக் குரல் கொடுக்க வேண்டும்.

அந்தக் குரல் எங்கிருந்து வரும்? 30 தொகுதிகளில் திருபுவனை, ஊசுடு, ஏம்பலம், நெட்டப்பாக்கம், நெடுங்காடு ஆகிய ஐந்தும் தனித் தொகுதிகள். அந்த ஐந்து உறுப்பினர்களும் எந்தக் கட்சியில் இருந்தாலும், ஆதிதிராவிடர் நலத்துறை மானியக் கோரிக்கையின்போது ஒன்றாக எழுந்து நின்று ஒரே கேள்வியைக் கேட்க முடியும்: சென்ற ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, எந்த மாதத்தில் விடுவித்தீர்கள், எவ்வளவு திரும்பிப் போனது? ஒன்பது நாளில் பட்ஜெட் முழுவதையும் முடிக்க வேண்டிய அவசரத்தில் முதலில் சுருங்குவது இந்த மாதிரிக் கேள்விகளுக்கான நேரம்தான். பட்ஜெட் தாமதமானால் பணம் மட்டும் தாமதமாவதில்லை. கணக்குக் கேட்கும் வாய்ப்பும் போகிறது.

வேறு வாசல்களும் மூடித்தான் கிடக்கின்றன. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006 இல். கொம்யூன் பஞ்சாயத்திலும் கிராமப் பஞ்சாயத்திலும் தலித்துகளுக்கும் தலித் பெண்களுக்கும் இருந்த இடங்கள் அதன் பதவிக்காலத்தோடு போயின. ஊரில் கேட்க வேண்டியதைக் கேட்க ஊரில் ஆளில்லை. எனவே சட்டமன்றத்தில் நடக்கும் அந்தச் சில நாள் விவாதம் நமக்கு மற்றவர்களை விடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

நாம் கேட்பவை நான்கு. முதலாவது, தேர்தல் ஆண்டு தவிர மற்ற எல்லா ஆண்டுகளிலும் முழு பட்ஜெட் மார்ச் 31 க்குள் நிறைவேற வேண்டும். 2023 இலும் 2025 இலும் மார்ச் மாதத்தில் தாக்கல் செய்ய முடிந்ததை வழக்கமாக்க வேண்டும். டெல்லிக்குக் கோப்பு அனுப்பும் தேதியையும் திரும்பி வந்த தேதியையும் அரசு அவையில் சொல்ல வேண்டும். தாமதம் யாரிடம் என்று மக்கள் தெரிந்துகொள்ளட்டும். இரண்டாவது, முன்பண மானியம் தவிர்க்க முடியாத ஆண்டில், கல்வி உதவித்தொகையையும் விடுதிச் செலவையும் சம்பளத்துக்கு இணையாக வைத்து முதல் மாதங்களிலேயே விடுவிக்க வேண்டும். கல்லூரிக் கட்டணம் கட்டும் தேதிக்குப் பின் வரும் உதவி, உதவி ஆகாது. மூன்றாவது, சிறப்புக்கூறு நிதிக்குப் புதுச்சேரியிலும் சட்டப் பாதுகாப்பு வேண்டும். செலவாகாத பணம் அடுத்த ஆண்டு அதே மக்களுக்கே வரும் என்ற பிரிவு அதில் கட்டாயம் இருக்க வேண்டும். நான்காவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒதுக்கீடு, விடுவித்தது, செலவு என மூன்று எண்களைத் தமிழில் எழுதி ஒவ்வொரு கொம்யூன் அலுவலகச் சுவரிலும் ஒட்ட வேண்டும். இந்த நான்காவதற்குச் சட்டம்கூடத் தேவையில்லை; ஒரு சுற்றறிக்கை போதும்.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு சொல். பட்ஜெட் என்றால் அது பொருளாதாரம் படித்தவர்களுக்கானது என்று ஒதுங்கிப் போகாதீர்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாணங்களின் நிதி எப்படி வளர்ந்தது என்பதை ஆராய்ந்து அம்பேத்கர் எழுதிய நூல் 1925 இல் லண்டனில் வெளியானது. அரசியலுக்கு வரும் முன்பே அவர் அரசின் கணக்குப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தவர். 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், செலவுப் பட்டியலில் ஆளுநர் கையெழுத்துப் போட்டாலே போதும் என்ற நிலை இருந்தது. அவர் தலைமையில் வரைவு பெற்ற அரசமைப்பு அதை மாற்றி, சட்டமன்றம் நிறைவேற்றும் சட்டம் இல்லாமல் ஒரு ரூபாயும் எடுக்க முடியாது என்று ஆக்கியது. அந்த உரிமை பயன்படுத்துபவருக்குத்தான் பயன்படும்.

உங்கள் தொகுதி உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, சாலை போட்டீர்களா, விளக்கு போட்டீர்களா என்று கேட்பதோடு, பட்ஜெட் எந்தத் தேதியில் நிறைவேறியது, நம் துறைப் பணம் எந்த மாதம் வந்தது, எவ்வளவு திரும்பிப் போனது என்றும் கேளுங்கள். பதில் தெரியாது என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பதில் வந்ததும் அந்த எண்களைத் தெருவில் உள்ள எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.